பீரில் சொன்ன வாழ்த்து

மினிபஸ் நின்று முடிப்பதற்குள் அண்ணன் சிலோவான் கதவைத் திறந்து ஒயின் கேனைத் தரையில் இறக்கிவிட்டார். பிறகு கமலா ஆரஞ்சு மூட்டை, பிறகு சோளமாவுப் பை, கடைசியில்தான் அவர். டிரைவர் ஏதோ திட்டினார். அண்ணன் அதைவிட வேகமாகத் திருப்பித் திட்டிவிட்டு, என் கன்னத்தில் முத்தம் வைத்து, “இளைச்சுட்ட” என்றார். உடனே “இல்ல, பெருத்துட்ட” என்று திருத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

“மெதுவாப் போங்கண்ணே. திருவிழா எங்கயும் ஓடிப் போயிடாது.”

“மெதுவாப் போறதுக்கு நான் என்ன ராச்சாக்காரனா?”

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து வழியெல்லாம் அந்த வார்த்தையை வாயில் அடக்கிக்கொண்டே வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

நாங்கள் குரியாக்காரர்கள். கடலுக்குப் பக்கத்து மலைச்சரிவில் பிறந்தவர்கள். எங்களுக்கு நாக்கும் காலும் மற்றவர்களுக்கு முன்னால் முளைத்துவிடும் என்று நாடே கேலி செய்யும், அதில் பொய்யும் இல்லை. ராச்சாக்காரர்கள் வடக்கே பனிமலைக்காரர்கள். நிதானத்துக்குப் பேர்போனவர்கள். அவர்களைப் பற்றி ஊருக்கு ஊர் ஜோக் உண்டு, அதில் பாதி எங்கள் பக்கம் தயாரானவை. ராச்சாவில் ஒருவன் கிணற்றில் விழுந்தானாம், காப்பாற்றுங்கள் என்று அவன் கத்தி முடிப்பதற்குள் தண்ணீர் வற்றிப்போய் அவனே ஏறி வந்துவிட்டானாம். இதை அண்ணன் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு கிடையாது. அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் போயும் போயும் ஒரு ராச்சாக்காரனைக் காட்டி “இவர்தான்ப்பா” என்றால் எப்படி இருக்கும்?

அந்த மகள் தெயோனா தலைநகர் திபிலிசியில் என்னோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே இவள். எங்கள் ரத்தம் அல்லவா, போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ரிப்பேர் செய்ய வந்தவன் லாஷா. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, “கத்துங்க, பரவால்ல. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல” என்று சொல்லிக்கொண்டே ஆற அமர வேலையைப் பார்த்தானாம். கதவு திறந்தபோது இவள் கத்துவதை நிறுத்தி நெடுநேரம் ஆகியிருந்தது. அவசரமே இல்லாத ஒரு குரலைத் தன் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டதாக என்னிடம் சொன்னாள். எனக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் என் சலூனில் ஒரு தலைக்குச் சாயம் பூசி முடித்துவிடலாம் என்பதைத் தவிர.

அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “திபிலிசோபா திருவிழாவுக்கு வர்றேன். அந்தப் பையனோட அப்பனையும் வரச் சொல்லு. ஒரு மேசையில உட்காரட்டும். மேசையில உட்கார்ந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். சாயங்காலம் வண்டி ஏறுறதுக்கு முன்னாடி என் முடிவைச் சொல்லிடறேன்” என்று போனை வைத்துவிட்டார். தெயோனாவும் அதே பிடிவாதத்தில் பிறந்தவள். “அப்பா சம்மதிக்கலன்னா நான் லாஷாவைக் கட்டிக்க மாட்டேன் அத்தை. ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள். இப்படி இரண்டு பேருக்கும் நடுவே நான் மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் பயத்தால் அல்ல. கால் தரையில் நிற்காத ஒரு பரபரப்பு. இன்றைக்கு ஏதோ ஒன்று நடந்தே தீரும் என்று வயிறு சொல்லிக்கொண்டிருந்தது.

அவ்லாபாரி இறக்கத்தில் வரும்போதே புகை மணந்தது. திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து அந்தத் தணலில் கறி வாட்டினால் மட்டுமே வரும் மணம். ஆற்றங்கரைப் பூங்கா முழுக்கத் தலைகள். அந்தந்தச் சீமைக்காரர்கள் தங்கள் ஊர்க் கடையை விரித்து, தங்கள் பாட்டைப் பாடி, பக்கத்துக் கடைக்காரன் பாட்டை அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தொட்டியில் பிள்ளைகள் கால்சட்டையை மடித்துவிட்டுத் திராட்சை மிதித்தார்கள். கொப்பரையில் திராட்சைப் பாகு குமிழ்விட, நூலில் கோத்த வால்நட்டுகளை ஒருத்தி அதில் முக்கி முக்கி எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டாள். ஆற்றின் மேலே கேபிள் காரில் போகிறவர்கள் கீழே பார்த்துக் கையசைத்தார்கள். அன்று காலை நான் கொண்டை போட்டுவிட்ட நடனக்காரிகள் மேடைக்கு ஓடும்போது, “நர்கீஸா அக்கா, ஒரு ஊசி கழண்டுடுச்சு!” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசியைச் சொருகிவிட்டு நிமிர்ந்தால் அண்ணனைக் காணோம். தொலைவில், ஒரு பீர்க் கடையின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இதைப் பாரு நர்கீஸா. அறுவடைத் திருவிழா. திராட்சை வந்த சந்தோஷத்துக்கு எடுக்கற விழா. இங்க பீருக்கு என்ன வேலை?”

“பிள்ளைங்க குடிக்குதுங்க. விடுங்கண்ணே.”

“குடிக்கட்டும். ஆனா அதைத் தூக்கிப் பிடிச்சு வாழ்த்து சொல்றானுங்களே! பீரைக் கையில வெச்சு எதிரியைத்தான் வாழ்த்தணும். பீர்ல சொன்ன வாழ்த்து தலைகீழாப் பலிக்கும். இதுகூடவா தெரியாது?”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சிரிப்பார்கள். அண்ணனுக்கு அது சிரிப்பு இல்லை. எங்கள் வேலியைத் தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரனை ஒரு பண்டிகை நாளில் வாசலில் நிறுத்தி, பீர்க் கோப்பையை உயர்த்தி, “நூறு வயசு நல்லா இரு” என்று சொன்னவர் அவர். அந்த மனிதன் அன்று முகம் வெளுத்து உள்ளே போனவன், இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. வேலி மட்டும் மறுவாரமே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

குரியாக் கடைக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய மரத்தடியில் மேசை பிடித்திருந்தோம். தெயோனா நீல உடையில் நின்றாள். தலைமுடியை நான் காலையில் இரண்டு முறை பின்னி இரண்டு முறை அவிழ்த்திருந்தேன். அண்ணன் அவளைக் கண்டதும் மூட்டையைக் கீழே போட்டார். கட்டிப்பிடித்துக்கொண்டவர் சட்டென்று விடவில்லை. என் அண்ணனை எனக்குத் தெரியும். அவருக்கு ராச்சாவும் பிரச்சினை இல்லை, லாஷாவும் பிரச்சினை இல்லை. அண்ணி ஜூலியா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஊரில் அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான். விடுமுறைக்கு மகள் வந்தால்தான் அங்கே இரண்டு அறைகளில் விளக்கு எரியும். இதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். சொல்லாமலிருக்கத்தான் அவ்வளவு பேச்சும்.

“ஒண்ணு சொல்லிடறேன்” என்றார், அவளை விடுவித்துவிட்டு. “அந்த ஆளை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். சம்பந்தின்னு என் வாயில வராது. யாரும் எதிர்பார்க்க வேணாம்.”

ராச்சாக்காரர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. லாஷா கையில் சூடான பீன்ஸ் ரொட்டிகள். அவன் அம்மா அவர்கள் ஊர்க் கடையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், கூட்டம் அவளை நகர விடவில்லையாம். அவனுக்குப் பின்னால் அவன் அப்பா அம்ப்ரோசி, வெள்ளைத் துணியில் கட்டிய புகைபோட்ட பன்றித்தொடையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய மீசை. மேலுதட்டை முழுக்க மூடி வாய்க்குள் போய்விடும் போலிருந்த அந்த மீசையைப் பார்த்ததும் கத்தரிக்கு என் கை துறுதுறுத்தது. துணி முடிச்சை அவர் ஒவ்வொரு முனையாக அவிழ்த்து முடிப்பதற்குள் அண்ணன் கோப்பைகளில் ஒயின் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்து, நாட்டு அரசியலைத் திட்டி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டார்.

“வழியில ஏதும் கஷ்டமா?” என்றார் அண்ணன்.

அம்ப்ரோசி யோசித்தார். நாங்கள் காத்திருந்தோம்.

“இல்ல” என்றார்.

தெயோனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். லாஷா அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கிணற்று ஜோக் முழுதாக இருந்தது.

ஜூலியாவை வீடியோவில் அழைத்து, போனைப் பன்றித்தொடையில் சாய்த்து நிறுத்தினோம். இத்தாலியின் பாரி நகரத்தில் ஏதோ சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். லைன் சரியில்லை. நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவள் சிரித்தாள். “எல்லாரும் நல்லாருக்கீங்களா? மாப்பிள்ளை எங்க?” என்று அவள் கேட்டதும், “மாப்பிள்ளைன்னு யாரும் இங்க இல்ல, லாஷான்னு ஒருத்தர் இருக்கார்” என்றார் அண்ணன் பட்டென்று. அந்த நொடியில் மேசையைச் சுற்றி ஒரு குளிர் வந்து போயிற்று.

மேசைக்குத் தமாதா அண்ணன்தான், அதை யாரும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. தமாதா எழுந்து வாழ்த்துச் சொன்னால்தான் மற்றவர்கள் குடிக்கலாம், அவர் சொல்லும் வரிசைதான் வரிசை. எங்கள் அண்ணன் அந்த வேலைக்கென்றே பிறந்தவர். சமாதானத்துக்கு, இந்த நகரத்துக்கு, இந்த வருஷத்துத் திராட்சைக்கு, போய்ச்சேர்ந்தவர்களுக்கு, தூரதேசத்தில் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் நம் பெண்களுக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டினார். கடைசி வாழ்த்தில் ஜூலியா திரையில் கண்ணைத் துடைத்தாள், அடுத்த மேசைப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவர்களுக்கு ஆட்டம் வந்துவிட்டது. தூரத்தில் டோல் அடிக்கும் சத்தம் கேட்டதும் எழுந்தவர்கள் கையில் பேப்பர் கோப்பைகளோடு முழித்தார்கள்.

“ஐயா, அங்க விட்டா யாராவது எடுத்துடுவாங்க, இதை இங்க கொஞ்சம் வெச்சுக்கலாமா? ஆடிட்டு வந்துடறோம்.”

“வைங்கப்பா, வைங்க! ஆடுற வயசுல ஆடாம!” என்றார் அண்ணன். தமாதா ஆனால் அவருக்கு மனசு ஆற்றைவிட அகலமாகிவிடும். கோப்பைகளில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அப்புறம் அவர் எழுந்தார். இதற்குத்தான் காத்திருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது.

“இந்தக் கோப்பை பிள்ளைங்களுக்கு. பிள்ளைங்க போற வழி நல்லா இருக்கட்டும். இதை நான் முடிக்கப் போறதில்ல. அலாவெர்தி அம்ப்ரோசிகிட்ட.”

அலாவெர்தி என்று ஒருவரை நோக்கிச் சொல்லிவிட்டால் அந்த வாழ்த்தை அவர்தான் தொடர்ந்து முடிக்க வேண்டும். மறுக்க முடியாது. ஊமையாக இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். ஆளை அறிய இதைவிட நல்ல வழியும் இல்லை, மாட்டிவிட இதைவிட நல்ல வழியும் இல்லை. லாஷாவின் முகம் இறுகியது. அம்ப்ரோசி மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தார். கண்ணை அண்ணன் முகத்திலிருந்து எடுக்காமலே கையை நீட்டி, முன்னாலிருந்த ஒரு பேப்பர் கோப்பையை எடுத்தார்.

பேசவில்லை. மேடையில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. அண்ணனின் விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

“எங்க ஊர்ல” என்றார் அம்ப்ரோசி கடைசியில், “பனி விழுந்தா பாதை மூடிக்கும்.”

மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அண்ணன் பெஞ்சில் நெளிந்தார்.

“எனக்குப் பொண்ணு இல்ல. ரெண்டும் பசங்க. அதனால பொண்ணை அனுப்பறவங்க மனசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் கூடாது. ஆனா சிலோவான், நீங்க இவ்ளோ வேகமா பேசறீங்க. ஒரே ஒரு வார்த்தை மட்டும் உங்களுக்கு மெதுவா வருது. அது ஏன்னு நான் வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன்.”

அண்ணனின் விரல்கள் நின்றுவிட்டன. மலையில் ஒருவர் கோடரியால் ஒவ்வொரு கட்டையாகப் பிளந்து அடுக்குவதுபோல் வார்த்தைகள் வந்தன, ஒன்றுகூட வீணாக இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாம் என்று குனிந்தபோதுதான் அந்தக் கோப்பையைப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு நுரை வளையம்.

எங்கள் சிவப்பு ஒயின் அவருடைய கோப்பையில் தொடாமல் மேசையில் இருந்தது. அவர் கையிலிருந்தது பையன்களின் பீர்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். வாழ்த்துச் சொல்கிறவரை நடுவில் நிறுத்துவது செத்தவர் வீட்டில் சிரிப்பதற்குச் சமம். இருமினேன். அவர் நிறுத்தி, என் இருமல் முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். மேசைக்கடியில் லாஷாவை உதைத்தேன். அவன் என்னை யோசனையோடு பார்த்தான். அவனுக்கு விளங்கும்போது அடுத்த திருவிழா வந்திருக்கும்.

“உங்க வீட்ல ஒரு விளக்கு கம்மியாகும்” என்றார் அம்ப்ரோசி. “அதான் காரணம்னு எனக்குத் தோணுது. அதனால நான் இங்க பொண்ணு கேக்க வரல. பாதை கேக்க வந்திருக்கேன். எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு பாதை. அதுல அவங்க போவாங்க, வருவாங்க. பனி விழுந்தா அள்ளிப் போடறது என் வேலை. உங்க வீட்டு விளக்கு அணையாம இருக்கட்டும். உங்க வாசல்ல ஆள் சத்தம் குறையாம இருக்கட்டும். கௌமர்ஜோஸ், வாழ்க!”

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ‘சரி’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அம்ப்ரோசி கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்து கீழே வைத்தார். அந்தப் பெருமீசை முழுக்க வெள்ளை நுரை.

“யாருடா என் பீரைக் குடிச்சது?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆட்டம் முடிந்து பையன்கள் திரும்பியிருந்தார்கள்.

அண்ணன் மீசையைப் பார்த்தார். காலிக் கோப்பையைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் கழுத்திலிருந்து நெற்றிவரை பார்த்தேன்.

“பீர்” என்றார். “என் வீட்டு விளக்கு எரியணும்னு பீர்ல சொல்லிட்டீங்க. என் வாசல்ல ஆள் சத்தம் இருக்கணும்னு, பீர்ல.”

அம்ப்ரோசி கோப்பையை முகர்ந்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாகும் என்று நான் நினைக்கவில்லை. “கவனிக்கல” என்றார். “நான்... கவனிக்கல.”

“அண்ணே, தெரியாம எடுத்துட்டாரு! ஒரே மாதிரி கோப்பை!”

“தெரியாம சொன்னாலும் வாக்கு வாக்குதான் நர்கீஸா! பலிக்காம விடுமா?” தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினார். “கேனை நீயே வெச்சுக்க. வண்டிக்கு நேரமாச்சு.”

வண்டிக்கு நேரம் ஆகவில்லை. ஆனால் அவர் பெஞ்சைத் தாண்டிவிட்டார். லாஷா எழுந்து நின்றான், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். திரையில் ஜூலியா, “அழகா பேசினாரு இல்ல?” என்று அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு பேப்பர் கோப்பை. இரண்டு உயிர்களின் வாழ்க்கை ஒரு பேப்பர் கோப்பையில் போய்விட்டது.

“அப்பா!”

தெயோனா பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள். கையில் மேசையிலிருந்த இன்னொரு பீர்க் கோப்பை. நுரை வழிந்து நீல உடையில் சொட்டியது.

“பீரை இந்த மேசையில வைக்கச் சொன்னது யாரு? தமாதா நீங்கதானே? சரி, இப்ப அது வந்துடுச்சு. பீர்ல சொன்னது தலைகீழாப் பலிக்கும்னா, தலைகீழா சொன்னது நேராப் பலிக்கணும்ல? கேளுங்க!” அவள் வேகம் குறையவில்லை. “எனக்கும் லாஷாவுக்கும் ஒருநாளும் ஒத்துப்போகக் கூடாது! நாங்க ஒரே வீட்ல இருக்கக் கூடாது! எங்களுக்குப் பிள்ளையே பிறக்கக் கூடாது! பிறந்தாலும் அது எங்கப்பா மடியில உட்காரவே கூடாது, அவர் தொப்பியைப் பிடிச்சு இழுக்கவே கூடாது!”

அடுத்த மேசைப் பையன்கள் முதலில் புரிந்துகொண்டார்கள். ஒருவன் விசிலடித்தான். “கூடாது!” என்று இன்னொருவன் கத்த, சுற்றியிருந்த மேசைகளும் சேர்ந்துகொண்டன. குரியாக் கடைப் பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“எங்கம்மா இத்தாலியிலயே கிடக்கட்டும்! கல்யாணத்துக்கும் வரக் கூடாது!”

“கூடாது!”

“ராச்சாவுக்கும் குரியாவுக்கும் நடுவுல பனி மூடியே இருக்கட்டும்! யாரும் அள்ளக் கூடாது! எங்கப்பா வீட்ல...” ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முடித்தாள். “எங்கப்பா வீட்ல எப்பவும் ஒரே ஒரு விளக்குதான் எரியணும். அலாவெர்தி. எங்கப்பாகிட்ட.”

குடித்தாள். குடித்துவிட்டு, கடைசியாக மிச்சமிருந்த ஒரு பீர்க் கோப்பையை எடுத்து அவரை நோக்கி நீட்டினாள்.

இப்போது அத்தனை மேசைகளும் அண்ணனைப் பார்த்தன. அலாவெர்தியை வாங்காமல் நடந்துபோன தமாதா என்று ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர் முகத்தில் ஆத்திரம் இருந்தது, அடிபட்ட வலி இருந்தது, அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. நான் அவர் தங்கை, எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்தார். கோப்பையை வாங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

பேசவில்லை.

பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தைக்கும் காத்திருந்தறியாத என் அண்ணன், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் அடுத்த பாட்டு தொடங்கி, முதல் அடி போய், இரண்டாவது அடியும் போயிற்று. ஒருவரும் அசையவில்லை. யார் ராச்சாக்காரர், யார் குரியாக்காரர் என்று அந்த நேரத்தில் புதிதாக வந்தவனிடம் யாராவது கேட்டிருந்தால் தவறாகத்தான் சொல்லியிருப்பான்.

“அம்ப்ரோசி” என்றார்.

அம்ப்ரோசி தலையை நிமிர்த்தினார். தெயோனா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குள் போயிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் இன்னும் தான் குடித்த பீரிலேயே இருந்தார்.

“என் பொண்ணை உன் வீட்டுக்கு நான் தர மாட்டேன்” என்றார் அண்ணன், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. ‘நீங்க’ எந்த இடத்தில் ‘நீ’ ஆயிற்று என்று நான் கவனித்தேன். “உன் பையனை எனக்குப் பிடிக்கவே இல்ல. நீ இன்னைக்குப் பேசினதுல ஒரு வார்த்தைகூட என் மனசுல படல. என் வீட்டு வாசல்ல நீ கால் வெக்காத. இன்னைலேருந்து நீ எனக்குச் சம்பந்தி இல்ல!”

பீரை ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைச் சுளித்தார். கோப்பையைக் கசக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்தார்.

பூங்கா வெடித்தது. தெயோனா பெஞ்சிலிருந்து அப்படியே அவர்மேல் பாய்ந்தாள், தொப்பி எங்கேயோ உருண்டது. பையன்கள் லாஷாவைத் தூக்கிக்கொண்டார்கள். அவன் காற்றில் மேலே போகும்போது குழம்பிய முகம், கீழே வரும்போது சிரித்த முகம். நான் யாரென்று தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்து முத்தம் வைத்தேன். டோல்காரன் எங்கள் மேசைக்கே வந்துவிட்டான்.

“ஐயோ!” என்றது பன்றித்தொடைப் பக்கமிருந்து ஒரு குரல். ஜூலியாவுக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. “தர மாட்டேன்னுட்டாரா? சிலோவான், உனக்கு மனசே இல்லையா? நர்கீஸா, ஏன் எல்லாரும் சிரிக்கறீங்க?”

“கையில பாரு ஜூலியா!” என்று நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன். சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது. “அவர் கையில இருந்தது பீர்! பீர்!”

படம் உறைந்து நின்றது, திறந்த வாயோடு அவள். அது நகரக் காத்திருக்கும்போதுதான் அம்ப்ரோசியைப் பார்த்தேன். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அவர் எழுந்து, பன்றித்தொடையைத் துணியின் நடுவில் வைத்து, ஒரு முனையை எடுத்து மறுமுனையோடு கட்டிக்கொண்டிருந்தார்.

“சரி” என்றார், யாரிடமோ. “சரிதான். தப்பு என் மேல. அவர் சொல்றது நியாயம்.”

“ஐயோ அம்ப்ரோசி!” என்றேன். தரையில் கிடந்த கசங்கிய கோப்பையைக் கையால் காட்டினேன். அண்ணனும் மகளைத் தோளில் சாய்த்தபடியே, கண்ணில் நீர் வழிய, மூச்சடக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார். எங்கள் அண்ணன் காத்திருந்தார்.

அம்ப்ரோசி கோப்பையைப் பார்த்தார். அதன் விளிம்பில் மிச்சமிருந்த நுரையைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். இரண்டு முனைகளைக் கட்டி முடித்து மூன்றாவது முனைக்குப் போயிருந்த கை, துணியைப் பிடித்தபடி நின்றது. அவருடைய மீசையில் காயாமல் ஒட்டியிருந்த வெள்ளை, ஒரு ஓரத்தில் மட்டும், மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.